திரும்பத் திரும்ப வரும் வீட்டு வேலைகளைச் செயலியில் வைப்பது எப்படி

வீட்டு வேலைகளில் சில தாமாகவே குரல் கொடுக்கும். பாத்திரம் தொட்டியில் குவிந்தால் கண்ணில் படும். குப்பைக்கூடை நிரம்பினால் மூக்குக்குத் தெரிந்துவிடும். வேறு சில வேலைகள் வாயே திறக்காது. வாஷிங் மெஷினின் வடிகட்டி, ஃபிரிட்ஜின் பின்பக்கக் கம்பிச்சுருளில் படியும் தூசி, தண்ணீர்த் தொட்டியின் அடியில் சேரும் வண்டல், புகை எச்சரிக்கைக் கருவியின் பேட்டரி எல்லாம் இந்த ரகம். கடைசியாக எப்போது செய்தோம் என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு பதில் வரும். செய்யவேண்டியதைப் பட்டியலிட்டு நினைவூட்டும் செய்பட்டியல் செயலி நிஜமாக உதவுவது இந்த ஊமை வேலைகளுக்குத்தான்.

செயலியைப் புதிதாக இறக்கியவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். விடுமுறை நாளில் உட்கார்ந்து, பாத்திரம் கழுவுவது முதல் பரண் ஒழிப்பது வரை தோன்றியதையெல்லாம் ஒரே மூச்சில் ஏற்றிவிடுகிறார்கள். அடுத்த வாரம் திறந்தால் பாதிப் பட்டியல் சிவப்பு எழுத்தில் ‘தாமதம்’ என்று நிற்கும். அதற்கடுத்த வாரம் திறக்கவே மனம் வராது. செயலியைக் குறை சொல்லிப் பயனில்லை. எதைச் சேர்ப்பது, எந்தக் கணக்கில் திரும்ப வரச் சொல்வது என்ற இரண்டையும் சரியாக முடிவு செய்தால் மீதியெல்லாம் சுலபம்.

எதைச் சேர்க்கலாம்

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கேள்வி போதும்: செயலி இல்லாவிட்டால் இது மறந்துபோகுமா? பல் துலக்குவது மறக்காது. பல் துலக்கும் பிரஷை மாற்றுவது மறந்துபோகும். மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்று பல் மருத்துவர்கள் சொல்வது நமக்குத் தெரியும். பழையதை எப்போது எடுத்தோம் என்பதுதான் தெரியாது. முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதைச் சேருங்கள்.

தினசரி வேலைகளைக் கூடியவரை செயலிக்குள் கொண்டுவராதீர்கள் என்பது என் கட்சி. தினமும் டிக் அடிக்கவேண்டிய பத்து வரிகள் இருந்தால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் அந்த ஒரு வரி கூட்டத்தில் காணாமல் போய்விடும். விதிவிலக்கு உண்டு. நேரம் தவறக்கூடாத மருந்து, புதிதாகப் பழகிக்கொள்ளும் ஒரு வேலை, யார் செய்தார்கள் என்று வீட்டில் குழப்பம் வரும் வேலை (நாய்க்குச் சாப்பாடு வைத்தாயிற்றா, செடிக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்றா) ஆகியவற்றைத் தாராளமாகச் சேர்க்கலாம்.

தொடக்கத்தில் ஏழெட்டு வேலைகள் போதும். மீதியை உட்கார்ந்து யோசிக்கவேண்டாம். அடுத்த முறை ஏதாவது ஊமை வேலையைச் செய்து முடிக்கும்போது, கையைத் துடைத்துக்கொண்டு அப்போதே செயலியில் சேருங்கள். ஏசி வடிகட்டியைக் கழுவி மாட்டினீர்களா? அந்த நிமிடமே ‘ஏசி வடிகட்டி’ என்று எழுதி, அடுத்த தேதியைப் போடுங்கள். கடைசியாக எப்போது செய்தோம் என்ற ஊகம் தேவைப்படாது, ஏனென்றால் இன்றுதான் செய்தீர்கள். எல்லா வேலைக்கும் ஒரே தேதியில் கெடு விழாமல், அவை தானாகவே பரவலாக அமையும். இரண்டு மூன்று மாதத்தில் பட்டியல் தன்னால் நிரம்பியிருக்கும்.

தேதிக் கணக்கா, முடித்த நாள் கணக்கா

புதியவர்கள் கவனிக்காமல் கடந்துபோகும் இடம் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

ஒரு வேலையைத் திரும்ப வரச் சொல்வதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, நாட்காட்டியைப் பார்த்து வருவது: ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி, ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும். நீங்கள் முடித்தாலும் முடிக்காவிட்டாலும் அடுத்த தேதி மாறாது. இன்னொன்று, முடித்த நாளிலிருந்து எண்ணுவது: டிக் அடித்த நாளுக்குப் பிறகு 90 நாள், மூன்று மாதம், இப்படி.

தண்ணீர் வடிகட்டியின் உள்பாகத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி 1இல் கெடு. நீங்கள் மாற்றியதோ பிப்ரவரி 20. தேதிக் கணக்கில் போட்டிருந்தால் அடுத்த கெடு ஏப்ரல் 1, அதாவது வெறும் 40 நாளில். பாகம் இன்னும் நன்றாகவே இருக்கும். ‘இது சும்மா கத்துகிறது’ என்று நினைத்து அதை ஒதுக்கிவிடுவீர்கள். செயலி ஒருமுறை பொய் சொன்னால் அடுத்து உண்மை சொல்லும்போதும் காது கொடுக்கத் தோன்றாது. முடித்த நாள் கணக்கில் போட்டிருந்தால் மே 20 என்று வரும். அதுதான் சரி.

இப்போது மறுபக்கம். குப்பை வண்டி புதன்கிழமை காலை வரும், செவ்வாய் இரவு கூடையை வெளியே வைக்கவேண்டும். இதை ‘முடித்ததிலிருந்து 7 நாள்’ என்று போட்டு, ஒரு வாரம் மறந்துபோய் வியாழக்கிழமை டிக் அடித்தால், அடுத்த நினைவூட்டல் அடுத்த வியாழன் வரும். வண்டி அதற்குமுன் வந்து போயிருக்கும். வாடகை, கட்டணங்கள், காப்பீட்டுப் புதுப்பிப்பு, பள்ளிக்கூடம் சம்பந்தப்பட்ட நாட்கள் எல்லாம் இப்படித்தான். நமக்கு வெளியே ஒருவர் தேதி வைத்திருக்கிறார் என்றால் தேதிக் கணக்கு. அழுக்கும் தேய்மானமும்தான் தேதி வைக்கின்றன என்றால் முடித்த நாள் கணக்கு. வீட்டு வேலைகளில் பெரும்பகுதி இரண்டாவது ரகம். செயலிகள் பெரும்பாலும் முதலாவதைத்தான் இயல்பாகத் தருகின்றன. குழப்பமெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

இரண்டிலும் அடங்காத வேலைகளும் உண்டு. உபயோகத்தைப் பொறுத்து வருபவை அவை. இத்தனை முறை துவைத்த பிறகு, இத்தனை கிலோமீட்டர் ஓடிய பிறகு என்பது போல. செயலிக்கு அந்த எண்ணிக்கை தெரியாது. இவற்றுக்கு ‘செய்’ என்று எழுதாமல் ‘பார்’ என்று எழுதுங்கள். ‘வாஷிங் மெஷின் வடிகட்டியைத் திறந்து பார், அடைப்பு இருந்தால் எடு.’ பார்ப்பதற்கு இரண்டு நிமிடம். சுத்தமாக இருந்தால் மூடிவிட்டு மனசாட்சியோடு டிக் அடிக்கலாம்.

எந்தச் செயலி

முடித்த நாள் கணக்கு வேண்டுமென்றால் தேர்வு கொஞ்சம் சுருங்கும். டுடூயிஸ்டில் ‘எவ்ரி’ என்ற ஆங்கிலச் சொல்லோடு இடைவெளியை எழுதினால் தேதிக் கணக்கு. அதே சொல்லை ஒட்டி ஓர் ஆச்சரியக்குறி போட்டால் முடித்த நாள் கணக்கு. அந்த ஒற்றைக் குறி தெரியாமலே வருடக்கணக்காக டுடூயிஸ்டைப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். டிக்டிக் செயலியில் திரும்ப வரும் அமைப்புக்குள் இரண்டுக்கும் தனித்தனித் தெரிவு இருக்கிறது. ஐஃபோன்காரர்களுக்கு திங்ஸ் இருக்கிறது, அதிலும் இந்த வசதி உண்டு. ஆண்ட்ராய்டில் திறமூலச் செயலியே (நிரலை யாரும் பார்த்து மாற்றக்கூடியது) வேண்டும் என்றால் டாஸ்க்ஸ்.ஆர்க்.

மைக்ரோசாஃப்ட் டூ டூ, கூகுள் டாஸ்க்ஸ், ஆப்பிள் ரிமைண்டர்ஸ் மூன்றும் அடிப்படையில் தேதிக் கணக்கில் ஓடுபவை. காசு கேட்பதில்லை, பழகுவது எளிது. இவற்றில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளப்போகிறீர்கள் என்றால் தேய்மான வேலைகளுக்கு ரிப்பீட் போடாதீர்கள். தேதி மட்டும் போட்டு வையுங்கள். முடித்ததும் டிக் அடிக்காமல் தேதியை மூன்று மாதம் தள்ளிவிடுங்கள். டிக் அடிக்கும் சந்தோஷம் கிடைக்காது, கணக்கு சரியாக இருக்கும்.

எந்தச் செயலியானாலும் நம்புவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்துவிடுங்கள். ‘சோதனை’ என்று ஒரு வேலையை உருவாக்கி, மூன்று நாளுக்கு முந்தைய தேதியைக் கெடுவாகப் போட்டு, ஏழு நாளுக்கு ஒருமுறை என்று அமைத்து, டிக் அடியுங்கள். அடுத்த கெடு இன்றிலிருந்து நான்கு நாளில் விழுந்தால் அது தேதிக் கணக்கு. ஏழு நாளில் விழுந்தால் முடித்த நாள் கணக்கு. அப்புறம் இன்னொன்று: மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி போட்டு அதே சோதனை. சில செயலிகள் நேராக வருங்காலத்துக்குத் தாவும்; சில, தவறிய ஒவ்வொரு வாரத்துக்கும் தனித்தனியாக டிக் கேட்கும். ஊருக்குப் போய்வந்தால் உங்களுக்கு என்ன காத்திருக்கிறது என்று இப்போதே தெரிந்துகொள்ளலாம். ஒரு வேலைக்குள் சிறு துணைவேலைகள் வைக்கப்போகிறீர்கள் என்றால் அவையும் அடுத்த சுற்றில் டிக் நீங்கிப் புதிதாக வருகின்றனவா என்றும் பாருங்கள்.

செயலிகள் மூடப்படுவதும் உண்டு என்பதை மனதில் வையுங்கள். ஆஸ்ட்ரிட் என்ற செயலியை 2013இல் யாஹூ வாங்கி அதே ஆண்டு மூடியது. மேலே சொன்ன டாஸ்க்ஸ்.ஆர்க் அதன் திறமூல நிரலிலிருந்து வளர்ந்ததுதான். வுண்டர்லிஸ்டை 2015இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது, 2020 மே மாதம் மூடியது. எனவே பட்டியலைக் கோப்பாக வெளியே எடுக்கும் ஏற்றுமதி வசதி இருக்கிறதா என்று பார்த்து, அவ்வப்போது ஒரு நகல் எடுத்து வையுங்கள். புகை எச்சரிக்கைக் கருவியைப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். அந்த மாதிரி நீண்ட கெடுக்களைச் செயலியோடு நிறுத்தாமல், கருவியின் முதுகிலேயே மார்க்கரால் தேதி எழுதிவிடுவது இன்னும் நம்பகமானது.

எழுதும் விதம்

‘சமையலறை’ என்று ஒரே சொல்லில் எழுதி வைத்தால் அது வேலையே இல்லை, இடத்தின் பெயர். கெடு வரும் நாளில் அதைப் பார்த்ததும் என்ன செய்வது என்று மறுபடி யோசிக்கவேண்டும். யோசிக்கச் சோம்பல் பட்டுத் தள்ளிப்போடுவோம். ‘அடுப்புக்கு மேலுள்ள புகைபோக்கியின் வடிகட்டியைக் கழற்றிக் கழுவு’ என்று எழுதுங்கள். வேலை பெரிதாக இருந்தால் அறை அறையாக உடைத்துத் தனித்தனி வேலைகளாக்குங்கள். ஒரே உட்காரலில் முடியாத எதுவும் பட்டியலில் நிலைக்காது.

குறிப்பு எழுதும் பகுதியைப் பலர் காலியாக விட்டுவிடுகிறார்கள். எனக்குச் செயலியில் மிகவும் பிடித்த பகுதி அதுதான். வடிகட்டியின் மாடல் எண், பல்பின் வாட், எந்தத் திருப்புளி வேண்டும், மூடியை எந்தப் பக்கம் திருப்பவேண்டும், முன்பே மூட வேண்டிய வால்வு எங்கே இருக்கிறது என்று எல்லாவற்றையும் அங்கே எழுதுங்கள். படம் இணைக்க முடிந்தால் ஒரு படம். இன்னொரு பயனும் உண்டு. திரும்ப வரும் வேலையில் டிக் அடித்ததும் தேதி முன்னே தாவிவிடும். பழைய தேதிகளைத் தேடி எடுப்பது பல செயலிகளில் சிரமம். செய்து முடித்த தேதியைக் குறிப்பில் ஒரு வரியாகச் சேர்த்துவந்தால், சில சுற்றுகளுக்குப் பிறகு உங்கள் வீட்டுக்கு உண்மையான இடைவெளி என்ன என்று கண்ணுக்குத் தெரியும்.

இடைவெளியை வைப்பதில் சில நுணுக்கங்கள்

முதல் இடைவெளியைக் கருவியோடு வந்த கையேட்டைப் பார்த்துப் போடுங்கள். கையேடு இல்லாத வேலைக்கு உத்தேசமாக ஒன்று போடுங்கள். கெடு வரும்போது அழுக்கே இல்லையென்றால் இடைவெளியைக் கூட்டுங்கள், அடைந்துபோய்க் கிடந்தால் குறையுங்கள்.

விடுமுறை நாளில் மட்டும் செய்யக்கூடிய வேலைகளுக்கு மாதக் கணக்கைவிட வாரக் கணக்கு நல்லது. ‘மூன்று மாதத்துக்கு ஒருமுறை’ என்று போட்டால் அது எந்தக் கிழமையிலும் விழும். ‘12 வாரத்துக்கு ஒருமுறை’ என்று சனிக்கிழமையில் தொடங்கினால் எப்போதும் சனிக்கிழமைதான். முடித்த நாள் கணக்கில் கிழமை நகரத்தான் செய்யும். செவ்வாய் முடித்தால் அடுத்ததும் செவ்வாயில் வரும். அதற்காகக் கவலைப்படவேண்டாம். சனிக்கிழமை காலையில் அந்த வாரம் முழுதுக்குமான கெடுக்களை ஒன்றாகப் பார்த்துச் செய்தால் போதும். தேய்மான வேலைக்கு நான்கு நாள் முன்பின் ஒரு பொருட்டே இல்லை.

மாதத்தின் 31ஆம் தேதியைத் தவிர்த்துவிடுங்கள். நாட்காட்டிகள் பின்பற்றும் ஐகேலண்டர் தரத்தின்படி இல்லாத தேதி கணக்கில் வராது. 31 என்று போட்டால் பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பர் ஐந்திலும் அந்த வேலை வராமல் போகலாம். சில செயலிகள் தாமாகவே கடைசி நாளுக்கு நகர்த்தும், சில நகர்த்தாது. ‘மாதத்தின் கடைசி நாள்’ என்ற தெரிவு இருந்தால் அதைப் போடுங்கள், இல்லாவிட்டால் 28.

நினைவூட்டல்கள்

எல்லா வேலைக்கும் மணி அடிக்கவிடாதீர்கள். நீங்கள் அலுவலகத்தில் இருக்கும்போது ‘குளியலறை வடிகாலில் வெந்நீர் ஊற்று’ என்று போன் அதிர்ந்தால் தள்ளிவிடத்தான் கை போகும். தள்ளிவிடுவது பழக்கமாகிவிட்டால் முக்கியமானதும் அதோடு போய்விடும். தேதி மட்டும் போதும்; நாளுக்கு ஒருமுறை, காலையிலோ மாலையிலோ, பட்டியலைத் திறந்து பாருங்கள். குப்பைக்கூடை, மருந்து போல நேரத்தோடு கட்டுண்ட வேலைக்கு மட்டும் மணி.

மணி வைத்தும் சத்தமே வரவில்லை என்றால் அமைப்புகளைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 13 முதல், புதிதாக நிறுவும் செயலி அறிவிப்பு காட்ட உங்களிடம் அனுமதி கேட்கவேண்டும். அன்றைக்கு யோசிக்காமல் ‘வேண்டாம்’ என்று தட்டியிருப்பீர்கள். அனுமதி இருந்தும் வரவில்லை என்றால், பேட்டரிச் சிக்கனம் செயலியைத் தூங்க வைத்திருக்கும். அந்தச் செயலிக்கு மட்டும் விலக்குக் கொடுத்துவிடுங்கள்.

வீட்டில் மற்றவர்களும் இருந்தால்

பட்டியல் ஒருவர் போனில் மட்டும் இருந்தால், அவர் வீட்டுக்கு மேஸ்திரி ஆகிவிடுவார். நாள் முழுக்க மற்றவர்களை ஞாபகப்படுத்திக்கொண்டே இருப்பதும் ஒரு வேலைதான். அதற்கு யாரும் டிக் அடிப்பதில்லை. ஆகவே பகிர்ந்த பட்டியலாக வையுங்கள். மைக்ரோசாஃப்ட் டூ டூ, ஆப்பிள் ரிமைண்டர்ஸ், டுடூயிஸ்ட், டிக்டிக் எல்லாவற்றிலும் பகிரலாம். எல்லார் போனிலும் ஓடக்கூடியதாகத் தேர்ந்தெடுப்பது முக்கியம். வீட்டில் ஒருவரிடம் ஐஃபோன், மற்றவர்களிடம் ஆண்ட்ராய்டு என்றால் ஆப்பிள் ரிமைண்டர்ஸ் சரிவராது.

வேலை செய்தவரே டிக் அடிக்கட்டும். வேறொருவர் அடித்தால் ‘நான் செய்தேன், நீ அடித்துவிட்டாய்’ என்று ஆரம்பிக்கும்.

முறை வைத்துச் செய்யும் வேலைக்கு ஒரு தந்திரம். இந்த வாரம் நீ, அடுத்த வாரம் நான் என்பதைச் செயலிகள் சுலபமாகத் தானே மாற்றித் தராது. ஒரே வேலையை இரண்டாக எழுதுங்கள். இரண்டும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒன்றின் தொடக்கம் இந்தச் சனி, மற்றதன் தொடக்கம் அடுத்த சனி. ஆளுக்கொன்றை ஒதுக்கிவிட்டால் முறை தானாக மாறும். இதற்குத் தேதிக் கணக்குத்தான் வேண்டும். முடித்த நாள் கணக்கில் போட்டால் ஒருவர் தாமதித்ததும் முறை குழம்பிவிடும்.

தேங்கிப்போனால்

தேங்கும். உடம்பு சரியில்லாமல் போகும், ஊருக்குப் போவீர்கள், வேலை அதிகமாகும். திரும்பி வந்து பார்க்கும்போது எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். தேதிக் கணக்கில் உள்ளவற்றில் வாய்ப்பு ஏற்கெனவே போய்விட்டவற்றை (போன வாரக் குப்பை) அடுத்த தேதிக்கு அனுப்புங்கள். கட்டணம் போல இன்னும் பாக்கி இருப்பவற்றை முதலில் முடியுங்கள். தேய்மான வேலைகளை அடுத்த இரண்டு மூன்று வார இறுதிகளுக்குப் பிரித்துப் போடுங்கள்.

செய்யாததற்கு டிக் அடிப்பதை மட்டும் தவிர்க்கவேண்டும். முடித்த நாள் கணக்கில் அது வடிகட்டியை மாற்றிவிட்டதாகவே பதிவாகி, மூன்று மாதம் வாயை மூடிக்கொள்ளும். ‘இந்த முறை தவிர்’ என்ற தெரிவு சில செயலிகளில் இருக்கிறது. இல்லையென்றால் தேதியைத் தள்ளிவையுங்கள். தள்ளும்போதும் கவனம். சில செயலிகளில் தேதியை ‘நாளை’ என்று மாற்றி எழுதினால் திரும்ப வரும் அமைப்பே அறுந்துபோய், அது ஒருமுறை வேலையாகிவிடும். தள்ளிவைத்த பிறகு, திரும்ப வரும் வேலை என்று காட்டும் சுழல் அம்புக்குறி இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். தவறுதலாக டிக் விழுந்துவிட்டால் திரையின் ஓரத்தில் சில நொடிகள் மட்டும் ‘மீட்டெடு’ தெரியும். தவறவிட்டால் தேதியைக் கையால் பழையபடி மாற்றவேண்டியதுதான்.

ஒரே வேலையை மூன்று முறை தள்ளிவிட்டீர்கள் என்றால் நான்காவது முறை தள்ளாமல் அந்த வேலையையே திறந்து பாருங்கள். இடைவெளி அவசரப்படுகிறதா, வேலை பெரிதாக இருக்கிறதா, வேறு ஆளுக்குப் போகவேண்டியதா, அல்லது யாருக்குமே தேவைப்படாததா? கடைசியாகச் சொன்னது என்றால் நீக்கிவிடுங்கள். நீக்கும்போது ‘இது மட்டுமா, இனி வருபவை எல்லாமா’ என்று சில செயலிகள் கேட்கும். கேட்காத செயலியில் மொத்தமும் போய்விடும். ஒரு கருவியை மாற்றும்போதும் அதன் பழைய வேலையை நீக்கிவிட்டு, புதியதன் கையேட்டைப் பார்த்து மறுபடி எழுதுங்கள். இடைவெளி மட்டுமல்ல, குறிப்பில் நீங்கள் எழுதி வைத்திருக்கும் பாகத்தின் எண்ணும் மாறியிருக்கும்.